லாவென்ஹாம் கில்ட்ஹால்: சங்கத்தின் கையில் இருந்தது 18 வருடம், கட்டடம் நிற்பது 500 வருடம்

ஊர்சுற்றி | ஞாயிறு, இரவு 9:10

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. அரண்மனை வாசல், லண்டன் பாலம், கோட்டை எல்லாம் காட்டியாயிற்று. அப்பாவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. "ராஜா கட்டினது போதும்ப்பா. ஊர்க்காரன் காசு போட்டுக் கட்டினது ஏதாவது இருந்தால் காட்டு" என்றார். அதனால் நேற்று சஃபோக் பக்கம் லாவென்ஹாமுக்குக் கூட்டிப் போனேன். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது 'லாவனம்' என்றுதான் காதில் விழுகிறது. "லவணமா? உப்பளம் இருக்கிறதா?" என்றார் அப்பா. உப்பு இல்லை, கம்பளித் துணி.

சந்தைத் திடலின் ஒரு மூலையில் நிற்கிறது கில்ட்ஹால். 1529-30 வாக்கில் கட்டியது. முழுக்க ஓக் மரச்சட்டம், இடையில் சுண்ணாம்பு பூசிய சுவர். மேல்மாடி கீழ்த்தளத்தைவிட முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. மழைக்கு ஒதுங்க நல்ல இடம், நாங்களும் முதலில் அதற்குத்தான் ஒதுங்கினோம். கட்டியது கார்ப்பஸ் கிறிஸ்டி கில்ட், அதாவது 'கிறிஸ்துவின் திருவுடல்' பெயரில் இருந்த சங்கம். அந்த ஊரில் இருந்த ஐந்து சங்கங்களில் ஒன்று. 1547இல் ஆறாம் எட்வர்ட் அரசு இப்படிப்பட்ட சங்கங்களை எல்லாம் சட்டம் போட்டுக் கலைத்து, சொத்தை எடுத்துக்கொண்டது. ஆக, கட்டியவர்கள் கையில் கட்டடம் இருந்தது சுமார் 18 வருடம். அப்புறம் சிறை, ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதி, கம்பளிக் கிடங்கு என்று ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1951 முதல் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை வசம்.

அப்பா 31 வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். உள்ளே போனதும் மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். இவர் அங்கிருந்த தன்னார்வலரிடம் கேட்ட முதல் கேள்வி: "சந்தா எவ்வளவு? பேரேடு எங்கே?" அந்தப் பெரியவர் சிரித்துவிட்டு, இந்தச் சங்கத்தின் கணக்கு எதுவும் இங்கே இல்லை என்றார். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. வீடு வரும்வரை அதே பேச்சு.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். இந்தச் சங்கங்கள் உண்மையில் எப்படி நடந்தன? அப்பாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கல்தச்சன் | ஞாயிறு, இரவு 9:48

நெசவாளர் சங்கக் கட்டடம் என்றல்லவா நினைத்திருந்தேன்? கில்ட் என்றால் தொழிற்சங்கம் மாதிரி, விலை நிர்ணயம், தரக்கட்டுப்பாடு, தொழில் பழகும் பையன்களுக்கு விதிமுறை. பள்ளியில் அப்படித்தான் படித்தோம். நம் ஊரில் அந்தக் காலத்து ஐநூற்றுவர் வணிகக் குழு மாதிரி.

ஊர்சுற்றி | ஞாயிறு, இரவு 10:02

நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். அந்த மாதிரிக் கில்ட் உண்டு. யார்க் நகரத்தில் 1357இல் கட்டத் தொடங்கிய வணிகர் மண்டபம் இன்னமும் இருக்கிறது. பிற்காலத்தில் அது கடல் கடந்து வாணிபம் செய்தவர்களின் சங்கம். ஆனால் லாவென்ஹாமில் இருந்தது பக்திச் சங்கம். உறுப்பினர்களில் துணி வியாபாரிகள் நிறைய இருந்திருப்பார்கள், ஊரே துணியில்தான் பிழைத்தது. ஆனால் துணி விலையைக் கட்டுப்படுத்துவது அவர்கள் வேலை இல்லை. செத்த உறுப்பினரின் ஆன்மாவுக்காக ஜெபம், மெழுகுவர்த்தி, பூசை, வருடத்துக்கு ஒரு விருந்து, நொடித்துப் போனவருக்கு உதவி. இதுதான் அந்தக் காலச் சங்கங்களின் வேலை என்று தன்னார்வலர் சொன்னார். ஐநூற்றுவரோடு ஒப்பிட வழியில்லை.

கிழக்குலண்டன்காரி | ஞாயிறு, இரவு 10:31

இதுக்கு ஏன் இவ்வளவு குழப்பம்? எங்கட ஊரில் இதுக்குப் பெயர் மரண உதவிச் சங்கம். மாதம் மாதம் சந்தா கட்ட வேண்டும். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் சங்கத்துக் கதிரை, கொட்டில் எல்லாம் வந்துவிடும், செலவுக்குக் காசும் வரும், எல்லோரும் வந்து நிற்க வேண்டும். எங்கட அம்மம்மா வங்கியில் ஒரு சதம் போட்டதில்லை, சங்கச் சந்தா மட்டும் ஒரு மாதமும் தவறினதில்லை. உங்கட அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கோ, உடனே விளங்கும்.

நாங்களும் போன வருசம் பிள்ளைகளோடு லாவென்ஹாம் போய் வந்தோம். பிள்ளைகளுக்குப் பிடித்தது கில்ட்ஹாலில் வைத்திருக்கும் காய்ந்த பூனை. பேய் பிசாசு வராமல் இருக்க அந்தக் காலத்தில் பூனையைச் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் வைத்துக் கட்டுவார்களாம். சின்னவன் வரும் வழியெல்லாம் எங்கட வீட்டுச் சுவரில் என்ன இருக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

ஊர்சுற்றி | ஞாயிறு, இரவு 10:40

மரண உதவிச் சங்கம்! இப்போதே அப்பாவிடம் சொன்னேன். "அப்படிச் சொல்லு முதலில்" என்றார். ஆனால் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: சாவுக்கு வராதவனுக்கு என்ன அபராதம்?

பழஞ்சுவடி | திங்கள், காலை 7:15

அந்த அப்பாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அபராதத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

1388இல் கேம்பிரிட்ஜில் கூடிய நாடாளுமன்றத்துக்குப் பிறகு, இரண்டாம் ரிச்சர்ட் அரசு நாட்டிலிருந்த எல்லாக் கில்டுகளிடமும் விவரம் கேட்டது. எப்போது தொடங்கினீர்கள், விதிகள் என்ன, என்ன சொத்து வைத்திருக்கிறீர்கள் என்று. (சொத்து இருக்கிறதா என்று அரசாங்கம் விசாரித்தால் எதற்கு என்று ஊருக்குத் தெரியாதா? பலபேர் 'எங்களிடம் ஒன்றுமில்லை சாமி' என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்.) 1389இல் வந்து சேர்ந்த பதில்களில் சுமார் 500 இன்றைக்கும் இருக்கின்றன. லாவென்ஹாமின் இந்தச் சங்கம் பிந்தையது, அதனால் அதில் வராது. ஆனால் பொதுவாக எப்படி நடந்தது என்று அவற்றைப் படித்தால் தெரிந்துவிடும்.

உறுப்பினர்களைச் சகோதரர், சகோதரி என்றே எழுதுகிறார்கள். பெண்களும் சந்தா கட்டிய உறுப்பினர்கள். இறுதிச் சடங்குக்கு வராவிட்டால் அபராதம், கூட்டத்தில் வம்பு பேசினால் அபராதம். அந்த அபராதத்தைப் பல சங்கங்கள் காசாக வாங்கவில்லை, மெழுகாக வாங்கின. இத்தனை பவுண்டு மெழுகு என்று கணக்கு. தேவாலயத்தில் சங்கத்து விளக்கு அணையாமல் எரிய வேண்டுமே, அதற்கு. தேன்மெழுகு அப்போது மலிவான சரக்கு இல்லை.

இப்போது நீங்கள் சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். 1529க்குச் சற்று முன்னால் அந்த ஊரில் என்ன நடந்தது என்று பார்த்தீர்களா? 1525இல் எட்டாம் ஹென்றியின் பிரான்சுப் போருக்குப் பணம் வேண்டும் என்று அவருடைய தலைமை அமைச்சர் கார்டினல் வூல்சி ஒரு வரி போட்டார். பெயர் 'நட்புக் கொடை'. பாதிரிமாரிடம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு, மற்றவர்களிடம் ஆறில் ஒரு பங்கு வரை கேட்ட நட்பு அது. துணி முதலாளிகள் 'வரி கட்டினால் உங்களுக்குக் கூலி தரக் காசில்லை' என்று நூற்பவர், நெய்பவர் எல்லோரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். லாவென்ஹாமிலும் சுற்றுவட்டாரத்திலும் 4,000 பேர் திரண்டதாகச் சொல்வார்கள். தேவாலய மணி அடித்தால் கிளம்ப வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு பணக்காரத் துணி வியாபாரி முன்கூட்டியே மணிகளின் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டார். நார்ஃபோக் பிரபு வந்து 'உங்கள் தலைவன் யார்?' என்று கேட்டபோது, ஜான் கிரீன் என்பவர் 'எங்கள் தலைவன் பெயர் வறுமை' என்று சொன்னதாக அக்கால வரலாற்று ஏடு எழுதுகிறது. அரசு வரியைக் கைவிட்டது.

இது நடந்து நான்கைந்து வருடத்தில் அதே ஊர்ச் சந்தைத் திடலில் இவ்வளவு ஓக் மரத்தைக் கொட்டி ஒரு விருந்து மண்டபம் எழும்புகிறது. 1524 வரிப்பட்டியலில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் லாவென்ஹாம் 14ஆவது. அந்தப் பணம் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் அப்பா 'ஊர்க்காரன் காசு' என்றாரே, அதில் எந்த ஊர்க்காரன் என்று கேட்பேன்.

சந்தேகி | திங்கள், காலை 8:05

எல்லாம் சரி. ஆனால் நான் பார்த்தவரை அது அழகாகச் சீர்செய்த ஒரு பழைய வீடு, உள்ளே நாலு விளக்கப் பலகை, ஒரு தறி, வெளியே தேநீர்க் கடை. அனுமதிச் சீட்டு எடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது? தெருவில் நடந்தாலே அந்த ஊரில் பட்டியலிட்ட பழைய கட்டடம் 300க்கு மேல் இலவசமாகப் பார்க்கலாம். மேலும் 1887இல் கத்பர்ட் குவில்டர் என்ற பணக்காரர் வாங்கிப் புதுப்பித்தது அது. நீங்கள் பார்ப்பதில் எவ்வளவு 1529, எவ்வளவு குவில்டர்?

தச்சன்மகன் | திங்கள், மதியம் 1:20

சந்தேகிக்குப் பதில். நான் மரவேலைக் குடும்பம், இப்போது கட்டுமானத் துறையில் இருக்கிறேன். பலகையைப் படிக்காமல் சட்டத்தைப் பாருங்கள்.

முதலில், நிலைக்கட்டைகள் எவ்வளவு நெருக்கம் என்று கவனியுங்கள். ஒரு கட்டை அகலத்துக்கு ஒரு கட்டை அகலம் இடைவெளி. பாரம் தாங்க இவ்வளவு தேவையே இல்லை, இதில் பாதி போதும். அந்த மரம் முழுவதும் 'எங்களிடம் இருக்கிறது' என்று காட்டத்தான். கல்யாண வீட்டில் வாசலுக்கு இரண்டு வாழை போதும் என்றாலும் பத்து கட்டுகிறோமே, அந்த மாதிரி. இன்னொன்று, இரும்பாணியை நம்பி நிற்கும் கட்டடம் இல்லை இது. ஒரு மரத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கி, அடுத்ததன் குழியில் செருகி, குறுக்கே ஓக் முளை அடிக்கிறார்கள். இரண்டு துளையும் நேர்க்கோட்டில் இருக்காது, வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கித் துளைப்பார்கள். முளையை அடிக்க அடிக்க இணைப்பு இழுத்து இறுகும். வேலையை மரப்பட்டறையில் தரையில் கிடத்திச் செய்து, ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் அடையாளம் கீறி, பிரித்துக் கொண்டுவந்து இடத்தில் நிமிர்த்துவார்கள். இந்த மாதிரிக் கட்டடங்களில் தூணும் விட்டமும் சேரும் இடத்தில் உற்றுப் பார்த்தால் ரோமன் எண் மாதிரிக் கீறல்கள் பல இடங்களில் கண்ணில் படும்.

மரம் பச்சை மரம். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. பச்சையாகவே அறுத்து, பொருத்தி, நின்றபடி காயவிட்டார்கள். காயும்போது சுருங்கும், முறுக்கும். அந்த ஊரில் பாதி வீடு கோணலாக நிற்பதற்கு இது ஒரு காரணம். பின்னால் வந்தவர்கள் வாசல் வைக்கவும் ஜன்னல் வைக்கவும் குறுக்குச் சட்டத்தை அறுத்தது இன்னொரு காரணம். சுவர் என்பது வரிச்சு கட்டி மண் அப்பியதுதான், மேலே சுண்ணாம்பு.

சட்டத்துக்குக் கறுப்பு அடித்து, சுவருக்கு வெள்ளை அடித்து நிற்பது பெரும்பாலும் விக்டோரியா காலத்து நாகரிகம். லாவென்ஹாமில் கில்ட்ஹால் மரம் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அதுதான் என் கண்ணுக்கு அழகு. குவில்டர் புதுப்பித்தார், உண்மை. அதைச் செய்யாவிட்டால் இன்றைக்கு நாம் எதைப் பற்றிச் சண்டை போடுவது?

சாயப்பட்டறை | திங்கள், மாலை 6:45

மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த மரத்துக்குக் காசு வந்தது நீலத்திலிருந்து.

லாவென்ஹாம் நீலத் துணிக்குப் பெயர்போனது. கனத்த கம்பளித் துணி. நூற்பதற்கு முன்னாலேயே கம்பளி மயிருக்குச் சாயமேற்றிவிடுவார்கள், அதனால் நீலம் உள்வரை இறங்கியிருக்கும். சாயம் வோட் என்ற செடியின் இலையிலிருந்து. கில்ட்ஹாலுக்குப் பின்னால் சாயச்செடித் தோட்டம் வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து அதைப் பார்க்காமல் வராதீர்கள். மஞ்சள் பூ பூக்கும், பார்த்தால் கடுகுச் செடியின் சொந்தக்காரி என்று தெரியும். உண்மையில் அதே குடும்பம்தான்.

இலையை அரைத்து உருண்டை பிடித்துக் காயவைத்து, பிறகு உடைத்து நனைத்துக் குவித்துப் புளிக்கவிடுவார்கள். நாற்றம் தாங்காது. 1585இல் முதலாம் எலிசபெத் ராணி சந்தை ஊர்களுக்கும் தன் அரண்மனைகளுக்கும் அருகில் வோட் பயிரிடக் கூடாது என்று பிரகடனமே போட்டார் என்றால் பாருங்கள். சாயத்தொட்டியில் காரநீர், சூடு, தவிடு. ஊறிய கம்பளியை வெளியே எடுத்தால் மஞ்சள் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறும். எங்கள் தாத்தா அவுரித் தொட்டியில் இதே வித்தையைக் காட்டுவார். வித்தை மட்டுமில்லை, வோட் தரும் நீலமும் நம் அவுரி தரும் நீலமும் வேதியியலில் ஒரே பொருள். அவுரி இலையில் அது பல மடங்கு அதிகம், அவ்வளவுதான். அதனால்தான் இந்தியாவிலிருந்து அவுரி நீலம் கப்பலில் வந்து இறங்க ஆரம்பித்ததும், வோட் மெல்ல மெல்லப் பின்வாங்கியது.

லாவென்ஹாம் அதற்கு முன்பே சரிந்துவிட்டது. கோல்செஸ்டர் பக்கம் குடியேறிய நெதர்லாந்து அகதிகள் மெல்லிய, மலிவான புதுவகைத் துணி நெய்யத் தொடங்கினார்கள். கனத்த நீலத் துணியைச் சீந்த ஆளில்லை. பிறகு ஊரில் பழைய வீட்டை இடித்துச் செங்கல்லில் கட்டக்கூட வசதியில்லை. நீங்கள் இன்று படம் எடுக்கும் தெரு அப்படித்தான் தப்பியது.

இன்னொன்று, இது சிரிப்பாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் பிழைத்தது குதிரை மயிரில் இருக்கைத் துணி நெய்தும், தென்னை நாரில் கால்மிதி செய்தும். கடைசியில் தேங்காய் நார்தான் கைகொடுத்தது!

கிழக்குலண்டன்காரி | திங்கள், மாலை 7:30

தும்பு! அங்க போயும் தும்பா! இது தெரிந்திருந்தால் கால்மிதியையும் தேடிப் பார்த்திருப்பேன்.

சந்தேகி | திங்கள், இரவு 8:12

தச்சன்மகனுக்கு வணக்கம், முளை விஷயம் எனக்குத் தெரியாது. மறுபடி போனால் பலகையை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். லாவென்ஹாமை இன்றைக்குச் சந்தை ஊர் என்று சொல்வது கொஞ்சம் அதிகம், அது ஒரு கிராமம். 1257இல் சந்தைக்கு உரிமை வாங்கிய பழைய பெருமைதான் மிச்சம். சந்தையும் கில்ட்ஹாலும் சேர்ந்த ஊர் வேண்டுமென்றால் அடுத்த ஊர் ஹாட்லிக்குப் போங்கள். 15ஆம் நூற்றாண்டு கில்ட்ஹால், தேவாலயம், 1495இல் கட்டிய செங்கல் கோபுரம், மூன்றும் ஒரே இடத்தில். கூட்டமும் குறைவு.

பழஞ்சுவடி | திங்கள், இரவு 8:50

ஹாட்லிக்குப் போனால் ரோலண்ட் டெய்லர் கதையும் கூட வரும். அந்த ஊர்ப் பங்குப் பாதிரியார். மேரி ராணி காலத்தில், 1555 பிப்ரவரியில், புராட்டஸ்டண்ட் கொள்கையை விடமாட்டேன் என்றதற்காக ஹாட்லிக்கு அருகே ஆல்டம் பொதுவெளியில் எரித்தார்கள். கொண்டுபோகும் வழியில் லாவென்ஹாமில் இரண்டு நாள் நிறுத்தினார்கள். கில்ட்ஹாலில்தான் அடைத்து வைத்திருந்தார்கள் என்பது ஊர் வழக்கு. எட்டே வருடத்துக்கு முன்பு கத்தோலிக்கச் சங்கத்திடமிருந்து பறித்த கட்டடம் அது. அடுத்த ஆட்சியில் அதே கட்டடத்தில் புராட்டஸ்டண்ட் பாதிரியார் கைதி.

வேறு கில்ட்ஹால்களுக்கும் இப்படிப் பிற்காலக் கதைதான் பெரிது. ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவனில் திருச்சிலுவைச் சங்கத்தின் மண்டபம் பள்ளிக்கூடமானது. ஷேக்ஸ்பியர் அங்கேதான் படித்தார் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். இங்கிலாந்திலேயே இருக்கும் பாஸ்டன் ஊரில் செயின்ட் மேரி கில்ட்ஹால் 1390களில் கட்டியது. 1607இல் நாட்டைவிட்டுத் தப்ப முயன்று பிடிபட்ட, இங்கிலாந்துத் திருச்சபையை விட்டுப் பிரிந்த கிறிஸ்தவர்களை விசாரித்த இடம். அவர்களில் சிலர் பிற்பாடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். லெஸ்டர் கில்ட்ஹாலும் கார்ப்பஸ் கிறிஸ்டி சங்கம் கட்டியதுதான், சுமார் 1390. பிறகு நகரசபை, 1836இல் போலீஸ் நிலையம்.

மழைத்துளி | திங்கள், இரவு 9:25

எனக்குக் கார் இல்லை. லண்டனிலிருந்து ஒரு நாளில் போய் வர முடியுமா? கூட வரும் மாமியாருக்கு மூட்டு வலி, படி ஏற மாட்டார்கள்.

ஊர்சுற்றி | திங்கள், இரவு 9:55

முடியும், ஆனால் காலையிலேயே கிளம்ப வேண்டும். லாவென்ஹாமுக்கு இப்போது ரயில் கிடையாது. லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து மார்க்ஸ் டே, அங்கே மாறி சட்பரி, சட்பரியிலிருந்து பஸ். தூரம் 11 கிலோமீட்டர்தான், ஆனால் பஸ் நம்ம ஊர் மாதிரி அடுத்தடுத்து வராது. திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். கில்ட்ஹால் திறந்திருக்கும் நாள் பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துவிட்டுப் போங்கள்.

மாமியார் கீழ்த்தளத்தையும் தோட்டத்தையும் பார்க்கலாம். மாடிக்கு மரப்படிதான், பழைய காலத்துப் படி. என் அம்மா ஏறவில்லை, தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே ஓரத்தில் ஊர்க்காவல் அறையும் பிணவறையும் உண்டு, 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அம்மா அதைச் சமையல்கட்டு என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். நான் திருத்தவில்லை.

முடிந்தால் தேவாலயம் வரை நடங்கள். கோபுரம் 141 அடி. துணிப் பணத்தில் எழும்பியது. தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி வியாபாரி 1523இல் சாகும்போதும் கோபுர வேலைக்குப் பணம் எழுதி வைத்திருக்கிறார்.

பழஞ்சுவடி, அந்த '500 பதில்கள்' எங்கே இருக்கின்றன? நேரில் பார்க்க முடியுமா? கேட்பது நான் இல்லை.

பழஞ்சுவடி | திங்கள், இரவு 10:20

கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில். வாசகர் அட்டை இலவசம், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோக வேண்டும். மூலத்தை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. லத்தீன், பிரெஞ்சு, அந்தக் காலத்து ஆங்கிலம் என்று மூன்று மொழியில் கலந்து இருக்கும். எண்கள் எல்லாம் ரோமன் எண்கள். அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஊர்சுற்றி | திங்கள், இரவு 10:47

சொன்னேன். ரோமன் எண் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதில் எப்படிடா வருடக் கடைசியில் ஐந்தொகை போட்டான்?" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எந்தக் கிழமை திறப்பார்கள் என்று கேட்டார்.

வியாழக்கிழமை போகிறோம். கியூ என்று காதில் விழுந்ததும் அம்மா தாவரத் தோட்டத்துக்குத்தான் என்று நினைத்து, இப்போதே புளிசாதத்துக்குப் புளி ஊறவைக்கட்டுமா என்கிறாள்.